நூலில்லாத் துணி

தமிழில் நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகமும்தான். நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்கும் பெண்ணாகவும் வைத்து ஒரு முழு உருவகத்தையே கட்டிவைத்திருக்கிறது. பாவு, பா, பனுவல் என்று இந்தக் குடும்பம் பெரியது. லத்தீனிலும் பிரதிக்கான சொல் நெசவிலிருந்தே வருகிறது. ஆக, எழுத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போதே நாம் தறிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறோம். நூற்காமல், பாவும் ஊடையும் இல்லாமல், தறியே இல்லாமல் உண்டாகிற ஒரு துணியை இந்த உருவகத்தில் எங்கே வைப்பது?

ஃபெல்ட் அப்படிப்பட்ட துணி. ஆட்டுமயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் சவுக்காரமும் பட்டு உராயும்போது மயிர் தன் வேர்ப்பக்கமாக நகர்கிறது, பக்கத்து மயிரோடு சிக்குகிறது, வந்த வழியே திரும்ப முடிவதில்லை. அவ்வளவுதான். ஒழுங்கு என்று வெளியிலிருந்து எதையும் சுமத்த வேண்டியதில்லை.

அல்தாய் மலையில் பாஸிரிக் என்ற இடத்து மேய்ச்சல் மக்களின் கல்லறைகளை ருதென்கோ அகழ்ந்தார். உறைபனி எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருந்தது. 1949இல் ஐந்தாம் கல்லறையிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியே வந்தன. ஒன்று, இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதான முடிச்சுக் கம்பளம். இன்னொன்று, நாலரை மீட்டருக்கு ஆறரை மீட்டர் ஃபெல்ட் திரை: இருக்கையில் அமர்ந்து கையில் கிளை பிடித்த ஓர் உருவம், எதிரே குதிரைவீரன், இதே காட்சி திரும்பத் திரும்ப. இரண்டுக்கும் வயது இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். கம்பளம் எல்லாப் பாடநூலிலும் ஏறிவிட்டது. திரை அப்படி ஏறவில்லை. தறியில் பிறந்ததற்குத்தானே கலை வரலாற்றில் முதல் பந்தி!

டெல்யூஸும் கத்தாரியும் 1980இல் வெளியிட்ட 'ஆயிரம் மேட்டுநிலங்கள்' நூலில் இந்த வேறுபாட்டையே எடுத்துக்கொண்டார்கள். நெசவு அரசின் கட்டம்போட்ட வெளி. ஃபெல்ட் நாடோடியின் வழவழப்பான வெளி, ஒரு எதிர்த்துணி. கவர்ச்சியான எதிர்வுதான். ஆனால் அவர்கள் ஃபெல்ட்டில் சவுக்காரத் தண்ணீரும் கிடையாது, அதில் கை ஊறிப்போன பெண்ணும் கிடையாது.

நான் கையால் கற்றுக்கொண்ட துணி அந்த எதிர்வுக்கும் அடங்குவதாயில்லை. பெயர் நுனோ ஃபெல்ட். ஜப்பானிய மொழியில் நுனோ என்றால் துணி. பெயரைக் கேட்டதும் பலர் இதைப் பழைய ஜப்பானியக் கலை என்றே நம்பிவிடுகிறார்கள். அப்படியல்ல. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாலி ஸ்டெர்லிங் என்பவரும் அவரோடு வேலை செய்த சச்சிகோ கொட்டாக்காவும் உருவாக்கிய முறை என்பதே பதிவான வரலாறு.

ஒரு தோழி இரண்டு நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மேஜைமேல் குமிழ்த்தாளை விரித்து, அதன்மேல் காற்றாய்ப் பறக்கிற பட்டுத்துணி. மெரினோ மயிரைக் கையளவு பிடித்து, நுனியை மட்டும் இழுத்து இழுத்து மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். பிறகு வலைத்துணி போர்த்தி, சவுக்காரத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தாமல் தேய்ப்பது. எனக்கோ வேகமாக வெந்நீரை ஊற்றி முடிக்கிற ஆசை. தோழி கையைத் தடுத்தார்: "அவசரப்படாதீங்க. முதல்ல துணிக்குள்ள போகட்டும். அப்புறம் சுருங்கட்டும்." சூட்டில் மயிர் முந்திச் சுருங்கினால் தன்னோடு தானே பிணைந்துகொள்ளும், பட்டிலிருந்து தோல்போல உரிந்துவிடும். நிதானமாகத் தேய்த்து, சுருட்டி, சில நூறு தடவை உருட்டினால் பட்டின் மறுபக்கத்தில் பூனைமயிர்போல நுனிகள் எட்டிப்பார்க்கும். அதன் பிறகுதான் வெந்நீரும், மேஜையில் அடிப்பதும். கம்பளி சுருங்கும், பட்டு சுருங்காது. சுருங்காத பட்டு வேறு போக்கிடமின்றி மடிந்து மடிந்து சுருக்கங்களாக எழும். அந்த அழகு முழுக்க இந்த இழுபறியில் வருவதுதான். கட்டத்தின் இடுக்குகள் வழியாகவே கட்டமில்லாதது நுழைந்து, கட்டத்தையும் தன்னோடு கோணலாக்கிவிடுகிறது; இரண்டையும் இனிப் பிரிக்க வராது. டெல்யூஸ் மேஜையருகே நின்று பார்த்திருக்கலாம்.

சரி, இந்த மெரினோ எங்கிருந்து வந்தது? ஸ்பானிய மெரினோ 1797இல் நன்னம்பிக்கை முனை வழியாக சிட்னிக்கு வந்து சேர்ந்தது. ஆடு பெருகப் புல் வேண்டும். புல்லிருந்த மண் வேறு மக்களுடையது. நீலமலைகளுக்கு அப்பால் பாதர்ஸ்ட் சமவெளியில் குடியேறிகளின் மந்தைகள் விராஜுரி மக்களின் வேட்டைநிலத்தையும் கிழங்குநிலத்தையும் மேய்ந்தன. எதிர்ப்பு எழுந்தது. 1824 ஆகஸ்டில் ஆளுநர் பிரிஸ்பேன் ராணுவச் சட்டம் அறிவித்தார். டிசம்பரில்தான் அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் கொல்லப்பட்ட விராஜுரி மக்களுக்கு முழுக் கணக்கு கிடையாது. அடுத்துவந்த பதிற்றாண்டுகளில் உலகச் சந்தையின் மென்கம்பளி இந்தக் காலனியின் மேய்ச்சலில்தான் விளைந்தது.

நுனோ பிறந்த தருணமும் சும்மா வந்ததல்ல. கம்பளிக்கு அரசு ஆதரவோடு இருந்த தாங்குவிலைத் திட்டம் 1991 பிப்ரவரியில் நொறுங்கியது. கிடங்குகளில் சுமார் 47 லட்சம் பொதிகள் தேங்கின. வாங்க ஆளில்லாத ஆடுகள் லட்சக்கணக்கில் சுடப்பட்டுக் குழிகளில் புதைக்கப்பட்டன. ஒரு சால்வைக்கு நூறு கிராம் கம்பளியே தாராளம்; அதனால் கைவினை வந்து சந்தையைக் காப்பாற்றியது என்றெல்லாம் யாரும் கதைகட்ட முடியாது. ஆனாலும் ஒரே மண், ஒரே சில ஆண்டுகள்.

தோழி தந்த இரண்டுபக்கக் குறிப்பின் தலைப்பில் அந்த இரு பெண்களின் பெயர் உண்டு. நியாயம்தான், பெண்களின் கைவேலைக்குப் பெயர் கிடைப்பதே அபூர்வம். கிர்கிஸ்தானத்தின் ஷிர்தக், ஆலா-கீயிஸ் விரிப்புகளை யுனெஸ்கோ 2012இல் அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, அந்த வித்தை மூத்த பெண்களிடமே தங்கி இளையவர்களிடம் போகாமல் அருகுவதைக் காரணம் காட்டினார்கள். அங்கே பெயர் மரபுக்கு, உருட்டியவர்களுக்கு அல்ல. தோழியின் குறிப்பில் தலைப்புக்குக் கீழே தேவையான பொருள்கள்: பட்டு இரண்டு மீட்டர், ஆலிவ் சவுக்காரம், குமிழ்த்தாள், மெரினோ 19 மைக்ரான். விராஜுரி என்று எங்கும் இல்லை. தேங்கிய அந்தப் பொதிகளில் கடைசிப் பொதி விற்றுமுடிய 2001 ஆனது.