கடைச் சீரமைப்புச் செலவு மதிப்பீடு

கடைச் சீரமைப்புச் செலவு மதிப்பீடு என்பது, சில்லறை வணிகத்துக்காக ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் முன்னர், அதனைக் கடை நடத்த ஏற்றதாக மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிடுதல் ஆகும். வாடகை குறைவான இடம், இச்செலவையும் சேர்க்கும்போது கூடுதல் விலையுடையதாக அமையலாம். இக்கட்டுரை இந்திய நடைமுறையை விளக்குகிறது.

அளவிடுதல்

ஒப்பந்தத்தில் குறிக்கப்படும் பரப்பு, மாடிப்படி, பொதுவழி முதலியவற்றின் பங்கையும் உள்ளடக்கியிருக்கலாம். எனவே கடையின் உட்பரப்பு சுவருக்குச் சுவர் தனியே அளக்கப்படுகிறது. தரை ஓடு, வண்ணப்பூச்சு, பொய்க்கூரை ஆகியன பொதுவாகச் சதுர அடிக் கணக்கிலும், மின்வேலை பாயிண்ட் கணக்கிலும் மதிப்பிடப்படுகின்றன.

செலவின் கூறுகள்

* கட்டட வேலை: இடித்தல், இடிபாடுகளை அகற்றுதல், நீர்க்கசிவை அடைத்தல், பூச்சு, தரை.
* மின்வேலை: குளிர்சாதனக் கருவிகளுக்கு மும்முனை இணைப்பு தேவைப்படலாம். மின்பளுவை உயர்த்தக் கட்டணம் உண்டு.
* குழாய், கழிவுநீர் வேலை: உணவகங்களுக்கு இது பெருஞ்செலவாகும்.
* பொருத்துபொருட்கள்: அலமாரி, ஷட்டர், பெயர்ப்பலகை.
* வரி: சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017 இன் 17(5) ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்தின் மீதான மூலதனச் செலவாகக் கணக்கில் ஏற்றப்படும் சீரமைப்புக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைப்பதில்லை. ஆகவே அவ்வரியும் செலவே ஆகும்.
* வேலை முடிந்து கடை திறக்கும் வரையிலான வாடகை.
* எதிர்பாராச் செலவு: பழைய பூச்சை உடைத்த பின்னரே தெரியவரும் குறைகளுக்கான ஒதுக்கீடு.

ஒப்பந்தக் காலமும் செலவும்

மொத்தச் செலவை ஒப்பந்த மாதங்களால் வகுத்து வாடகையுடன் கூட்டினால் இடத்தின் உண்மையான மாதச் செலவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 9,00,000 ரூபாய்ச் சீரமைப்பு, 60 மாத ஒப்பந்தத்தில் மாதம் 15,000 ரூபாயாகவும், 36 மாதத்தில் 25,000 ரூபாயாகவும், 11 மாதத்தில் ஏறத்தாழ 81,800 ரூபாயாகவும் அமையும்.

சொத்து மாற்றுச் சட்டம், 1882 இன் 107 ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். இதனைத் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தங்கள் பரவலாக எழுதப்படுகின்றன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிடின் சீரமைப்பில் இட்ட முதலின் பெரும்பகுதி வீணாகும்.

சட்ட நிலை

அதே சட்டத்தின் 108 ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்துப் பொருந்தும். இதன்படி உரிமையாளரின் இசைவின்றி நிலையான கட்டுமானம் எழுப்புதல் கூடாது. வாடகையாளர் தாம் பொருத்தியவற்றை இடம் தம் வசம் உள்ளபோதே கழற்றிக்கொள்ளலாம். ஆனால் இடத்தைப் பெற்ற நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும். ஆதலால், முன்னிருந்த நிலைக்கு மீட்கும் செலவும் மதிப்பீட்டில் சேர்க்கப்படுகிறது.