கௌபோயும் மயிர் போர்த்த யானையும்

கௌபோய் படம் என்றதும் குதிரை, துப்பாக்கி, அகன்ற தொப்பி ஆகியவையே நம் நினைவுக்கு வரும். ஆனால், அவற்றோடு பேயையும் விஞ்ஞானக் கற்பனையையும் கலந்த ஒரு மரபும் ஹொலிவூட்டில் உண்டு. 1935இல் வந்த 'த பாண்டம் எம்பயர்' தொடர்படத்தில் பாடும் கௌபோய் ஜீன் ஓட்ரி, நிலத்தடி நகரமொன்றில் இயந்திர மனிதரைச் சந்திக்கிறார். 1966இல் பில்லி த கிட் என்ற துப்பாக்கி வீரனை டிராகுலாவோடு மோதவிட்டார்கள்.

இம்மரபின் காற்று சேலத்திலும் வீசியது, நேயர்களே. மொடேர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கரோடு கூட்டாகத் தயாரித்த படம், தமிழில் 'காடு' எனவும் ஆங்கிலத்தில் 'த ஜங்கிள்' எனவும் 1952இல் வெளிவந்தது. இயக்குநர் வில்லியம் பேர்க் கௌபோய் படங்களில் ஊறியவர். நாயகன் ரொட் கமரனும் அவ்வாறே. யானைகள் வெகுண்டோடி ஊர்களை அழிக்கின்றன. காரணத்தைத் தேடிப் போனால், அழிந்துபோன மமூத் யானைகள் காட்டில் உயிரோடு உலவுகின்றன! நம் யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி மமூத் ஆக்கினார்கள்.

கண்டிப்பாகச் சொன்னால் இது கௌபோய் படமன்று. ஆயினும் அஞ்சி நிற்கும் ஊர், துப்பாக்கியோடு வரும் அந்நியன், அடக்கப்பட வேண்டிய வனம் என்ற கதையமைப்பு அதுவேதான்.

பழைய கௌபோய் படத்தில் எதிரி செவ்விந்தியன். அவனைச் சுடும்போது, நிலம் யாருடையது என்ற கேள்வி எங்கோ ஒரு மூலையில் உறுத்தும். டிராகுலாவும் மமூத்தும் அந்த இடத்துக்கு வந்ததும் கேள்வியே மறைந்துவிடுகிறது. பூதத்துக்குக் காணி உறுதி ஏது? 'காடு' படத்திலும் வனம் நம்முடையது, யானை நம்முடையது. இந்திய இளவரசியாக வந்தவரோ மேரி வின்ட்சர். அவளது ஆலோசகர் சீசர் ரொமேரோ. இருவரும் அமெரிக்கர். நம்மவர் காப்பாற்றப்படக் காத்திருக்கும் கூட்டமானார்கள்.

1972இல் கர்ணனின் 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களில் ஜெய்சங்கர் குதிரையேறினார். தொப்பியும் துப்பாக்கியும் தமிழுக்கு வந்தன. நிலத்தின் வழக்கு வரவில்லை.

யாழ்ப்பாணம் ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்துப் பழகிய தலைமுறை நம்மிடையே உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்து, சொந்தக் காணிக்காகப் பல்லாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. எனவே, திரையில் பூதம் தோன்றும்போதெல்லாம், அதற்கு முன் அங்கே குடியிருந்தவர் யார் என்று கேட்பது நமக்குப் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.