மவுண்ட் வேர்ணன் மனையும் வரலாற்றுக் கடனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்ரன் வாழ்ந்து, 1799 ஆம் ஆண்டில் உயிர்நீத்த இல்லம், வேர்ஜீனியாவிலே பொற்றோமாக் ஆற்றங்கரையில் உள்ள மவுண்ட் வேர்ணன் ஆகும். பின்வந்தோர் காலத்தில் அது சிதைவுறலாயிற்று. அதனை வாங்கிப் பேண அரசு முன்வரவில்லை. 1853 இல் தென் கரோலைனாவைச் சேர்ந்த ஆன் பமெலா கன்னிங்காம் என்னும் பெண்மணியார் மகளிர் சங்கமொன்றை நிறுவி, நாடெங்கும் நிதி திரட்டினார். 1858 இல் 200,000 டொலருக்கு விலைபேசப்பட்ட அம்மனையை, 1860 பெப்ரவரி 22 ஆம் நாள், வாஷிங்ரன் பிறந்த தினத்திலேயே, சங்கத்தார் பொறுப்பேற்றனர். மறுவருடம் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கும் தெற்கும் பொருதியபோதும் மனை அழிவுறாது காக்கப்பட்டது.

ஆயினும் அம்மனையின் வரலாறு ஒருவர் வரலாறு மட்டுமன்று. வாஷிங்ரன் மறைந்தபோது அங்கே 317 அடிமைகள் இருந்தனர். தமக்குரிய 123 பேரும், தம் மனைவியார் காலத்தின் பின் விடுதலை பெறவேண்டுமென அவர் மரணசாசனம் எழுதியிருந்தார். மனைவியாரின் முதற்கணவர் சொத்துவழி வந்தோரையோ விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை.

வாஷிங்ரன் கல்லறைக்கு அணித்தே அடிமைகளின் இடுகாடு பெயர் பொறிக்கப்படாது கிடந்தது. அங்கு 1929 இல் ஒரு கல் நாட்டப்பட்டது. 1983 இல் நினைவுச்சின்னம் எழுந்தது. தலைவர் மனையைக் காத்தல் அறம். அதனைத் தம் உழைப்பால் தாங்கினோரையும் ஆண்டுதோறும் நினைவுகூர்தலே வரலாற்றுக் கடனை நிறைவுசெய்வதாகும்.