கப்பாவின் காணாமல் போன சுருள்கள்

1944 ஜூன் 6. நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் ராபர்ட் கப்பா எடுத்த 35 மி.மீ. சுருள்கள் லண்டனில் 'லைஃப்' பத்திரிகையின் இருட்டறைக்கு வந்தன. அவசரத்தில் உலர்த்தும் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டார்கள், சூட்டில் எமல்ஷன் உருகிவிட்டது, தேறியது 11 படம்தான் என்று எடிட்டர் ஜான் மோரிஸ் பல வருஷம் சொல்லிவந்தார். பழி, பாவம், ஒரு இருட்டறைப் பையன் தலையில்!

வவுச்சர் பார்த்தே பழகிய எனக்கு இது டேலி ஆகவில்லை. சுருள் வெறுமையாக வந்தால் முதலில் ஓரத்து எண்களைப் பார்க்கவேண்டும். அவை தெரிந்தால் கழுவியது சரி, வெளிச்சம்தான் விழவில்லை. அவையும் இல்லையென்றால்தான் கழுவியவர் மேல் சந்தேகம். 2014-ல் ஏ.டி. கோல்மன் குழுவினர், அந்தச் சூட்டுக்கெல்லாம் எமல்ஷன் உருகாது என்று வாதிட்டார்கள். மற்ற சுருள்களில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று மோரிஸே அதே வருஷம் ஒப்புக்கொண்டார், தமது 97-வது வயதில்.