சாந்தோம் கரையும் சுறா ஈரல் எண்ணெயும்

சாந்தோம் தேவாலயத்துக்குக் கிழக்கே மணலில் இறங்கி நடப்போருக்கு எதிர்ப்படும் குப்பங்களில், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டு நிறையத் தட்டிப் போட்டுப் புட்டாக்கிக் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்தச் சுறாவின் ஈரலை அரசாங்கமே தேடிய காலம் ஒன்றும் இருந்தது.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் நார்வேக்குள் புகுந்ததும், அந்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காட் மீன் ஈரல் எண்ணெயின் வரத்து அற்றுப்போகவே, சென்னை ராஜதானியின் மீன் துறையார், அப்போது ராஜதானியைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுக்க முற்பட்டனர். ஈரலைத் துண்டு துண்டாக அரிந்து நீரிலிட்டுக் காய்ச்சினால், மஞ்சள் நிற எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வாரி வடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் ‘ஏ’ வைட்டமின் மிகுதி, ‘டி’ சொற்பமே.

மார்பு நோய்க்கு மீனெண்ணெயும் சூரிய வெளிச்சமும் ஔஷதம் என்னும் நம்பிக்கை அதற்கு வெகு காலம் முந்தியது. 1849இல் லண்டன் பிராம்ப்டன் ஆஸ்பத்திரி வைத்தியர் வில்லியம்ஸ், க்ஷயரோகிகளுக்குக் காட் எண்ணெய் கொடுத்துக் கண்ட பலனை எழுதினார். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் க்ஷயரோக விடுதி நடத்திய டாக்டர் சௌரி முத்து, காற்றும் வெளிச்சமுமே சிகிச்சை என்னும் கொள்கையோடு தாய்நாடு திரும்பி, 1928இல் தாம்பரத்தில் தம் சானடோரியத்தைத் திறந்தார். அந்தப் பெயரிலேயே ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது.

அவர்கள் அநுபவத்தால் ஊகித்ததற்கு விஞ்ஞானம் காரணம் கண்டது 2006இல்தான்: க்ஷயக் கிருமியை எதிர்ப்பட்ட நம் தற்காப்பு அணுக்கள், காட் எண்ணெயும் வெயிலும் தரும் ‘டி’ வைட்டமின் போதிய அளவு இருந்தால், கிருமியைக் கொல்லும் கேதலிசிடின் என்னும் புரதத்தை உண்டாக்குகின்றன. சளி, இன்ஃப்ளுயன்சா போன்ற வைரஸ் ஜுரங்களுக்கும் ‘டி’ வைட்டமின் கவசமாகுமோ என்ற ஆவல் பிறந்தது இயல்பே. 2017இல் 25 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பற்றாக்குறை மிகுந்தவர்கள் நாள்தோறுமோ வாரந்தோறுமோ உட்கொண்டால் பயனுண்டு என்று தோன்றியது. பின்வந்த பெரிய பரிசோதனைகளோ அந்நம்பிக்கையை வெகுவாகத் தளர்த்திவிட்டன. அவற்றுள் முக்கியமானது, எண்ணெய் வராமற்போன அதே நார்வேயில் கொரோனாக் காலத்தில் நடந்தது. சுமார் 34,000 பேரில் பாதிப்பேர் தினம் ஒரு சிறு கரண்டி காட் எண்ணெயும், மற்றவர் மக்காச்சோள எண்ணெயும் அருந்தினர். கொரோனாவும் குறையவில்லை, பிற சுவாச நோய்களும் குறையவில்லை. அவர்களிற் பெரும்பாலோருக்கு ‘டி’ சத்து முன்பே போதிய அளவு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெற்று முதுகில் வெயில் பட வலை இழுப்பவரைவிட, மாடி வீட்டில் கதவடைத்து வாழும் நமக்கே ‘டி’ சத்துக் குறைபாடு நேர ஏது அதிகம். ஆகவே வைத்தியரிடம் கேட்டு, ரத்தத்தைப் பரிசோதித்து, குறையிருந்தால் எலும்பின் பொருட்டு உட்கொள்ளுங்கள். ஜலதோஷம் வராது என்று எண்ணி மாத்திரை வாங்காதீர்கள்.