பட்டன் போனை விடாத கட்டைவிரல்: பிளாக்பெர்ரியின் கதை

1/
2022 ஜனவரி 4. ஒமைக்ரான் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அதனால் நம்மில் பலர் இந்தச் செய்தியைக் கவனித்திருக்க மாட்டோம்.

அன்றைக்குத்தான் கனடாவின் பிளாக்பெர்ரி நிறுவனம் தன் பழைய போன்களுக்கான சேவையை நிறுத்தியது. இனி அந்த போன்களில் இன்டர்நெட், அழைப்பு, குறுஞ்செய்தி, ஏன், அவசர எண்ணுக்கான அழைப்பு கூட ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம் என அறிவித்தது.

பேட்டரி நல்லா இருக்கு. பட்டன் நல்லா இருக்கு. ஆனாலும் போன் முடிஞ்சு போச்சு.

2/
2022-லும் அந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் ஆச்சரியம். "பழசை விட மனசு வராதவங்க", "சும்மா பந்தாவுக்கு வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகலாம்.

ஒரு டாக்டராக எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் விசுவாசமாக இருந்தது தங்கள் கட்டைவிரல் கற்றுக்கொண்ட ஒரு வித்தைக்கு. அந்த விசுவாசம் தன் பெயருக்கானது என்று கம்பெனி நினைத்துக்கொண்டது. அங்கேதான் எல்லாம் கோணலானது.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிங்க. கடைசியில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கான விஷயமும் இருக்கு.

3/
1984. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்ற ஊர். மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் என்ற இரண்டு நண்பர்கள் 'ரிசர்ச் இன் மோஷன்' என்ற சின்ன கம்பெனியைத் தொடங்கினார்கள். லசாரிடிஸ் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கனடாவுக்கு வந்தவர். 1992-ல் ஜிம் பால்சில்லி சேர்ந்து வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் டாக்டர்கள் இடுப்பில் பேஜர் இருக்கும். பீப் என்று அடிக்கும், செய்தி வரும். பதில் சொல்ல வேண்டுமென்றால் லேண்ட்லைனைத் தேடி ஓட வேண்டும். 1996-ல் இந்த நிறுவனம் பதிலையும் அனுப்பக்கூடிய 'இன்டர்ஆக்டிவ் பேஜர் 900' என்ற கருவியைக் கொண்டு வந்தது. பதில் அனுப்ப வேண்டுமென்றால் டைப் செய்ய வேண்டும். உள்ளங்கை அளவு கருவியில் எப்படி டைப் செய்வது?

4/
கம்ப்யூட்டர் கீபோர்டு பத்து விரலுக்கானது. அதை அப்படியே சுருக்கினால் எதற்கும் உதவாது. கருவியை இரண்டு கையாலும் பிடித்தால் மிச்சமிருப்பது இரண்டு கட்டைவிரல்கள்தான். அதனால் கட்டைவிரலுக்காகவே கீபோர்டு வடிவமைத்தார்கள். நீள்வட்டப் பட்டன்கள், கட்டைவிரல் வரும் கோணத்துக்கு ஏற்றபடி சாய்த்து வைக்கப்பட்டவை. இதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். இந்தக் காப்புரிமையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1999-ல் 'பிளாக்பெர்ரி 850' வந்தது. அதில் பேச முடியாது, ஈமெயில் மட்டும்தான். நம் வீட்டு ரிமோட்டில் போடுகிற மாதிரி ஒரே ஒரு பேட்டரியில் ஓடும். வரிசையாக இருந்த சின்னச் சின்னப் பட்டன்கள் பழத்தின் விதைகள் மாதிரி தெரிந்ததால்தான் இந்தப் பெயர் என்பார்கள்.

5/
2001 செப்டம்பர் 11. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்ததில் பேச்சு இணைப்புகள் திணறின. பிளாக்பெர்ரி வேறொரு தரவு வலைப்பின்னலில் சின்னச் சின்னச் செய்திகளாக அனுப்பியதால் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கெல்லாம் பிளாக்பெர்ரி கொடுக்கப்பட்டது. 2009-ல் அதிபரான ஒபாமா, பாதுகாப்பு அதிகாரிகள் தயங்கியபோதும் தன் பிளாக்பெர்ரியை விடவில்லை. கூடுதல் பாதுகாப்பு வசதிகளுடன் வைத்துக்கொண்டார்.

கைவிட முடியாத போதைப் பழக்கம் மாதிரி ஆனதால் 'கிராக்பெர்ரி' என்று கிண்டல் பெயரும் வந்தது. வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதி 2006-ன் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

6/
இப்போ என் ஏரியாவுக்கு வருவோம்.

நம் விரல் நுனியில் தொடு உணர்வுக்கான நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒரு வகை விளிம்பையும் மேடு பள்ளத்தையும் உணரும். ஒரு வகை லேசான வழுக்கலை உணரும். இன்னொரு வகை அதிர்வை உணரும். மூளையில் விரல்களுக்கு, குறிப்பாகக் கட்டைவிரலுக்கு, ஒதுக்கப்பட்ட இடம் அதன் உருவத்தோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது.

2008-ல் வந்த பிளாக்பெர்ரி போல்டில் பட்டன் வரிசைகளுக்கு இடையே மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கும். வீணையில் மெட்டு இருக்குமே, அது மாதிரி. வரிசை மாறினால் கண்ணுக்கு முன்னாடி விரலுக்குத் தெரிந்துவிடும். மீட்டிங்கில் மேசைக்கு அடியில் கையை வைத்து, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே டைப் செய்தவர்கள் இருந்தார்கள். கண்ணாடித் திரையில் எந்த எழுத்தைத் தொட்டாலும் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கண் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

7/
இப்படிக் கற்றது மூளையில் எங்கே போய் உட்காருகிறது?

1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளை அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு அவருக்குப் புது விஷயம் எதுவும் நினைவில் நிற்கவில்லை. கனடாவைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு இழுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புதுசு. முந்தைய நாள் செய்ததே நினைவில்லை. ஆனால் நாளுக்கு நாள் பிழை குறைந்துகொண்டே வந்தது!

அவருக்குத் தெரியாமலேயே அவர் கை கற்றுக்கொண்டது. சைக்கிள் ஓட்டுவது, ஊசிக்கு நூல் கோப்பது, தையல் போடுவது எல்லாம் இந்த வகை நினைவுதான். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறிவிட்டால் சுலபமாக அழியாது. இன்னொரு கருவிக்கு அப்படியே மாற்றவும் முடியாது. பிளாக்பெர்ரிக்காரர்கள் விட மறுத்தது இதைத்தான்.

8/
பட்டனை நான் தெய்வமாக்கவில்லை. 'பிளாக்பெர்ரி தம்ப்' என்று ஒரு பிரச்சினையும் இருந்தது. கட்டைவிரலை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் ஓடும் தசைநாண்களும் அவற்றின் உறையும் பாதிக்கப்பட்டு வலிக்கும். 1895-லேயே ஸ்விட்சர்லாந்து அறுவை சிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் விவரித்த நோய் இது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கும் வரும். தொடுதிரையில் மணிக்கணக்காகத் தட்டினாலும் இந்த வலி வரலாம்.

9/
2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். பட்டன் போன்கள் மேல் அவர் வைத்த குறை நியாயமானதுதான். பிளாஸ்டிக் பட்டன் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் பாதி போனை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திரை என்றால் வேலைக்குத் தகுந்தபடி மாறும்.

பதிலுக்கு 2008-ல் பிளாக்பெர்ரி 'ஸ்டார்ம்' வந்தது. கீபோர்டு கிடையாது. மொத்தத் திரையும் ஒரே பட்டன் மாதிரி அமுங்கும். விரலுக்கு எழுத்தின் விளிம்பும் தெரியாது, தொடுதிரையின் வேகமும் கிடைக்காது. குறைபாடுகளால் ஏராளமான போன்கள் திரும்பி வந்தன. "பெயர் பிளாக்பெர்ரிதானே, வாங்கிடுவாங்க" என்ற கணக்கு தப்பியது.

10/
இந்தியாவில் அப்போது வேறு காட்சி. கோட் சூட் போட்டவர்கள் போன் என்ற நிலை மாறி, கர்வ் 8520 மாதிரி விலை குறைந்த மாடல்களால் கல்லூரி மாணவர்கள் கைக்கும் வந்தது. காரணம் பிபிஎம் என்ற மெசஞ்சர். செய்தி போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா என்று வாட்ஸ்அப் நீல டிக்குக்கு முன்பே காட்டியது. 2010-ல் மத்திய அரசு இந்தச் செய்திகளைக் கண்காணிக்க வழி வேண்டும் என்று ஆகஸ்ட் 31 கெடு வைத்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் எல்லாச் செய்தியும் கம்பெனியின் சொந்த மையங்கள் வழியாகத்தான் போனது. 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லவ் நகர மையத்தில் ஒரு ஸ்விட்ச் பழுதானது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா, பிறகு அமெரிக்கா வரை சில நாட்கள் சேவை முடங்கியது. போன் நம்முடையது, சாவி இன்னொருவர் கையில் என்று அன்றைக்கே தெரிந்தது. 2022-ல் நடந்ததற்கு இது ஒரு முன்னோட்டம்.

11/
2013-ல் மொத்த மென்பொருளையும் புதிதாக எழுதி பிளாக்பெர்ரி 10 வந்தது. முதலில் கடைக்கு வந்தது எது தெரியுமா? முழுத் தொடுதிரை கொண்ட இசட்10. பட்டன் வைத்த க்யூ10 சில மாதம் கழித்துத்தான். விற்காமல் தேங்கிய இசட்10 போன்களுக்காகச் சுமார் 93 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். 4,500 பேரை வேலையைவிட்டு அனுப்பும் அறிவிப்பும் வந்தது.

2014-ல் இன்னொரு கதை. ஐபோனில் மாட்டிக்கொள்ளும் கீபோர்டு உறை ஒன்றை 'டைப்போ' என்ற நிறுவனம் கொண்டு வந்தது. பிளாக்பெர்ரி வழக்குப் போட்டுத் தடுத்தது, அந்தக் காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு. சட்டப்படி சரி. ஆனால் அந்த வழக்கே என்ன சொல்கிறது பாருங்க: மக்களுக்கு பிளாக்பெர்ரி வேண்டாம், அதன் பட்டன் மட்டும் வேண்டும்.

அதே வருடக் கடைசியில் பழைய பட்டன்களோடு 'கிளாசிக்' வந்தது. பழைய ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். அதற்குள் உலகம் ஆப்களுக்குப் பின்னால் போய்விட்டது.

12/
2016-ல் இனி சொந்தமாக போன் தயாரிப்பதில்லை என்று பிளாக்பெர்ரி அறிவித்தது. அதே வருடம் கிம் கர்தாஷியன் தன் போல்டு செத்துப்போச்சு, இ-பேயிலும் கிடைக்கவில்லை என்று ட்வீட் போட்டார். எந்தப் புது போனையும் வாங்க வசதி உள்ளவர் பழைய போனைத் தேடி அலைந்திருக்கிறார்!

பிறகு சீனாவின் டிசிஎல் நிறுவனம் அந்தப் பெயரில் 2017-ல் கீஒன், 2018-ல் கீ2 என்று பட்டன் வைத்த ஆண்ட்ராய்டு போன்களை விற்றது. 2020 ஆகஸ்டில் அதுவும் நின்றது. அதே மாதம் அமெரிக்காவின் ஆன்வர்டுமொபிலிட்டி 5ஜி பிளாக்பெர்ரி கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் ஒரு போன் கூட வராமலேயே மூடியது.

பெயர் செத்தது. பட்டன் சாகவில்லை. சீனாவின் யூனிஹெர்ட்ஸ் 2019-ல் டைட்டன் என்ற பட்டன் போனைக் கொண்டு வந்தது. 2024-ல் ஐபோனுக்கு 'கிளிக்ஸ்' என்ற கீபோர்டு உறை வந்தது. கிராக்பெர்ரி என்ற ரசிகர் தளத்தைத் தொடங்கியவரே அதன் நிறுவனர்களில் ஒருவர். விசுவாசம் எதன் மேல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

13/
தொடுதிரை தந்ததையும் சொல்லியாக வேண்டும். 247 தமிழ் எழுத்தையும் பிளாக்பெர்ரி பட்டன்களில் அச்சடிக்க முடியாது. நாம் இன்றைக்கு போனில் தமிழில் சர்வசாதாரணமாக எழுதுகிறோம் என்றால் அதில் தொடுதிரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2009-லேயே ஐபோனில் திரையை வாசித்துச் சொல்லும் வசதி வந்து, பார்வையற்றவர்களுக்கும் அந்தக் கண்ணாடி திறந்தது.

அதனால் எது உசத்தி என்பது என் கேள்வி இல்லை. ஒருவர் கை கற்றதைப் பிடுங்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

14/
நம் வீட்டுக்கு வாங்க. தாத்தாவிடம் பழைய பட்டன் போன் இருக்கும். "2-ஐ அமுக்கிப் பிடிச்சா பெரியவன், 3-ஐ அமுக்கிப் பிடிச்சா சின்னவ." கண்ணாடி போடாமல், இருட்டில் கூட போன் போடுவார். நாம் பாசத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, பழசைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அடுத்த வாரம் அவரால் யாரையும் கூப்பிட முடிவதில்லை. "இது கூடத் தெரியலையா?" என்று நாமே கேட்கிறோம்.

வயதானால் கை நடுங்கும், தோல் வறண்டு தடிக்கும், திரை சரியாகக் கேட்காது. மறதி நோயின் தொடக்கத்தில் நேற்று நடந்தது மறந்துபோனாலும், கை கற்றது ஓரளவு தங்கும். அந்த நிலையில் இருப்பவரின் பழகிய போனைத் திடீரென மாற்றுவது, மிச்சமிருந்த ஒரு வழியையும் அடைப்பது மாதிரி. ராத்திரி நெஞ்சு வலித்தால் 108-க்கு அடிக்க வேண்டிய போன் அது.

15/
அதனால் இதைச் செய்யுங்க:

பழைய போன் ஓடுகிற வரை ஓடட்டும். புதுசு வாங்கினால் சில மாதம் இரண்டையும் வைத்திருங்கள்.

புது போனில் ஒரே வேலையைத் தினமும் ஐந்து நிமிடம், ஒரே மாதிரி பழக்குங்கள். ஒரே நாளில் பத்து விஷயம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஆப்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். அவர் தேடுவது படத்தை அல்ல, இடத்தை.

நன்றாக டைப் செய்தவர், பட்டன் அமுக்கியவர் திடீரென ஒரு பக்கக் கையில் தடுமாறினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அது பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.

16/
ஒரு கம்பெனி தன் சர்வரை அணைத்துவிடலாம். லட்சக்கணக்கான கட்டைவிரல்கள் கற்றதை அதால் அணைக்க முடியவில்லை. அது இன்னும் எங்கேயாவது ஒரு பட்டனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது பழைய போனை விடமாட்டேன் என்று அடம்பிடித்தால், சிரிப்பதற்கு முன்னாடி அவர் விரலைக் கவனிங்க.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு இதைப் பகிருங்கள்.