கணக்கும் துணிவும்: ஒரு பணயத்தின் வரலாறு

2003-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்க நாட்டின் லாஸ் வேகாஸ் நகரில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி தன் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. தலைக்குப் பத்தாயிரம் டாலர் செலுத்தி 839 பேர் தொடங்கிய ஆட்டத்தில் இருவரே எஞ்சியிருந்தனர். ஒருவர் சாமி ஃபார்ஹா. சூதாட்ட மேசைகளில் நெடுநாள் பழகியவர். மற்றவர் கிறிஸ் மணிமேக்கர். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயதுக் கணக்கர். நூறு டாலருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையத்தில் நடந்த தகுதி ஆட்டமொன்றில் வென்று, அந்த வழியாக இங்கு வந்து சேர்ந்தவர். முதற்பரிசு 25 இலட்சம் டாலர்.

ஆட்டத்தின் விதி எளியது. ஒவ்வொருவர் கையிலும் மறைத்த சீட்டு இரண்டு. மேசைமேல் எல்லார்க்கும் பொதுவாகத் திறந்த சீட்டு ஐந்து. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். ஆனால் சீட்டுகள் திறக்கப்படும் இடைவெளிகளில் பணயம் வைக்கலாம். ஒருவர் பணயம் வைத்தால் எதிரிலுள்ளவர் அதற்கு ஈடு வைக்க வேண்டும், அல்லது பணயத்தை உயர்த்த வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்து ஒதுங்க வேண்டும். எதிரிலுள்ளவர் ஒதுங்கிவிட்டால், பணயம் வைத்தவர் தம் சீட்டைக் காட்டாமலேயே அனைத்தையும் வாரிக்கொள்ளலாம். நல்ல சீட்டு இல்லாதவரும் இருப்பதுபோல் பாசாங்கு செய்து வெல்ல முடிவது இதனால்தான்.

அன்று மேசையில் ஒன்பது, ஆறு, எட்டு என்று மூன்று இஸ்பேட் சீட்டுகள் கிடந்தன. மற்ற இரண்டும் டைமண்ட் இரண்டு, ஆர்ட்டின் மூன்று. ஃபார்ஹாவின் கையில் இஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். ஆகவே ஒன்பதில் ஒரு சோடி. கடைசிச் சீட்டு திறந்ததும் மணிமேக்கர் தம் முன்னிருந்த சில்லுகள் அனைத்தையும் பணயமாக அறிவித்தார். ஆட்டக்காரர் வழக்கில் இதற்கு 'ஆல் இன்' என்று பெயர். அவரிடம் இஸ்பேட்டில் வேறு இரண்டு இருந்தால் ஃபார்ஹாவின் சோடி பயனற்றது. அவர் வைத்தது வெறும் பாசாங்கு என்றால் அதுவே வெல்லும். ஈடு வைப்பதா, ஒதுங்குவதா?

இக்கேள்வியைச் சூதாடிகளின் கேள்வி என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அறியாததை முன்னிட்டு முடிவெடுப்பது எப்படி என்னும் மனித சிந்தனையின் பெரியதொரு பகுதி சீட்டு மேசையிலும் பகடைப் பலகையிலுமே பிறந்தது. அதைப் பேணி வளர்த்தவர்களுள் துறவியரும் இறைப்பற்றாளரும் இருந்தனர்.

1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி ஒரு புதிரை எழுப்பினார். 60 புள்ளி எடுப்பவர் வெல்வார் என்று பணம் கட்டி இரு சாரார் பந்தாடுகின்றனர். ஒரு சாரார் 50, மற்றவர் 20 எடுத்த நிலையில் ஆட்டம் நின்றுபோகிறது. பணத்தை எப்படிப் பங்கிடுவது? எடுத்த புள்ளிகளின் விகிதப்படி, ஐந்துக்கு இரண்டு என்று பங்கிடச் சொன்னார் பச்சோலி. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இத்தீர்வைப் பின்னர் வந்த தார்த்தாலியா ஏற்கவில்லை. முதற் சுற்று முடிந்ததுமே ஆட்டம் நின்றால், ஒரே ஒரு சுற்றை வென்றவர் முழுப் பணத்தையும் பெற்றுவிடுவாரே என்றார். கடந்தவற்றை எண்ணிக் கணக்கிட்டதே பிழையின் வேர். ஆயினும் வேறு எதை எண்ணுவது என்பது ஒன்றரை நூற்றாண்டு காலம் எவருக்கும் தெளிவாகவில்லை.

1654-இல் அந்தத் தெளிவு பிறந்தது. சூதாட்டத்தில் ஈடுபாடு கொண்ட செவாலியே தெ மேரே என்பவர் பாரிசில் வாழ்ந்த பிலேஸ் பாஸ்கலிடம் இக்கேள்வியைக் கொண்டுவந்தார். பாஸ்கல், துலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்துக்கொண்டே கணிதத்தில் சிறந்து விளங்கிய பியேர் தெ ஃபெர்மாவுக்கு மடல் எழுதினார். அவ்வாண்டு ஜூலை 29-ஆம் நாளிட்ட மடலில் அவர் தரும் எடுத்துக்காட்டு இது: இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து, மூன்று சுற்று வென்றவருக்கே எல்லாம் என்று ஆடுகின்றனர். ஒருவர் இரண்டு வென்றுள்ளார், மற்றவர் ஒன்று. அடுத்த சுற்றை முதலாமவர் வென்றால் 64-ம் அவருடையது. தோற்றாலும் இருவரும் சமநிலைக்கு வருவதால் 32 அவருக்கு உறுதி. எஞ்சிய 32-ல் வாய்ப்பு சரிபாதி. ஆகவே அவருக்கு 48, மற்றவருக்கு 16. பாஸ்கல் எண்ணியது கடந்த சுற்றுகளை அல்ல, இனி வரக்கூடியவற்றை.

அதே காலத்தில் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1665-இல் வெளியான எண்முக்கோணம் பற்றிய நூலில் இன்னும் ஆழமான ஒரு கருத்தைப் பாஸ்கல் வைத்தார். ஆட்டத்தில் வைத்துவிட்ட பணம் இனி வைத்தவருக்குச் சொந்தமன்று. அதன் உரிமையை அவர் துறந்துவிட்டார். அதற்கு மாற்றாக அவர் பெற்றிருப்பது, ஒப்புக்கொண்ட விதிகளின்படி வாய்ப்பு தரக்கூடியதை எதிர்பார்க்கும் உரிமை மட்டுமே. 'இவ்வளவு போட்டுவிட்டோமே, இனி எப்படி விடுவது?' என்று சிக்கிக்கொள்ளும் மனத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது.

எதிராளியின் முழுப் பணயத்துக்கு முன் அமர்ந்திருப்பவரும், முடியாத ஆட்டமொன்றில் தமக்குரிய பங்கு எவ்வளவு என்றே கேட்கிறார். பாஸ்கலின் கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தும். நடுமேசையில் 100 இருக்கிறது. எதிராளி மேலும் 100 வைக்கிறார் என்போம். நாம் 100 தந்து ஈடு வைத்தால் மொத்தம் 300. அதில் நாம் தருவது மூன்றிலொரு பங்கு. எனவே மூன்று முறைக்கு ஒரு முறை வென்றாலே நட்டமில்லை. எதிராளி 50 மட்டும் வைத்தால் நான்கில் ஒரு முறை போதும். 200 வைத்தால் ஐந்தில் இரண்டு முறை வேண்டும். ஏற்கெனவே 100 கிடக்கும் மேசையில் அவர் 1000 வைத்தாலும், தேவைப்படும் வெற்றி பாதியை எட்டுவதில்லை. பெரிய பணயத்தை ஏற்க ஏறத்தாழ உறுதியான நம்பிக்கை வேண்டும் என்று அச்சம் சொல்கிறது. பாதிக்கும் குறைவான நம்பிக்கையே போதும் என்று கணக்கு சொல்கிறது. 'வெல்வேனா?' என்பதன்று கேள்வி. 'கேட்கப்படும் விலைக்கு இவ்வாய்ப்பு தகுமா?' என்பதே.

ஆனால் விலை எல்லார்க்கும் ஒன்றுதானா? இதைக் கேட்டவர் தானியேல் பெர்னூலி. 1738-இல் புனித பீட்டர்ஸ்பர்க் கல்விக்கழக வெளியீட்டில் வந்த கட்டுரையில் அவர் ஓர் ஏழையை நம் முன் நிறுத்துகிறார். அவன் கையில் ஒரு பரிசுச்சீட்டு. அதற்கு 20,000 தங்க நாணயம் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். இரண்டுக்கும் வாய்ப்பு சமம். பாஸ்கலின் கணக்குப்படி அதன் மதிப்பு 10,000. அவன் அதை 9,000-க்கு விற்றுவிட்டால் அறிவிலியா? இல்லை என்றார் பெர்னூலி. அதே சீட்டை 9,000-க்கு வாங்க மறுக்கும் செல்வந்தனே அறிவிலி. நாணயம் ஒன்றே, ஆனால் ஏழையின் கையில் அதன் எடை வேறு, செல்வனின் கையில் வேறு. கையிலுள்ளதை இழப்பதன் வலி, அதே அளவு பெறுவதன் இன்பத்தைவிடப் பெரிது. சில்லுகள் தீர்ந்தால் வெளியேறியாக வேண்டிய போட்டிகளில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சராசரிக் கணக்குக்கு உகந்த ஈட்டையும் சில வேளை மறுத்துவிடுவது இதே அறிவினால்தான். சராசரி என்பது பலமுறை ஆடுபவருக்கே வந்து சேரும். ஒரே முறையில் எல்லாம் இழந்தவர் அது வரும்வரை மேசையில் இருப்பதில்லை.

மூன்றாவது கேள்வி இருபதாம் நூற்றாண்டுக்குரியது. பகடைக்கு எண்ணமில்லை, எதிரில் அமர்ந்திருப்பவருக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஆர்லியன்சிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களிலும் பரவிய போக்கர் ஆட்டத்தைக் கணிதத்தின் கண்கொண்டு பார்த்தவர்களுள் தலையாயவர் ஜான் வான் நாய்மன். புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் 1928-இல் ஆட்டங்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். பாசாங்கு என்பது வெறும் குணக்கேடோ துணிச்சலோ அன்று, ஆட்டத்தின் கணக்கே அதை வேண்டுகிறது என்று அவர் காட்டினார். நல்ல சீட்டுக்கு மட்டுமே பெரிய பணயம் வைப்பவரை எவரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே மிக நல்ல சீட்டுகளோடு மிகத் தாழ்ந்த சீட்டுகள் சிலவற்றுக்கும் பெரும் பணயம் வைக்க வேண்டும். நடுத்தரச் சீட்டுகளுக்கு வைக்கலாகாது.

ஏற்பவரின் பக்கம் நின்று பார்த்தால், நடுமேசையிலுள்ள அளவே எதிராளி பணயம் வைக்கும்போது எப்போதும் ஒதுங்குபவர் பாசாங்குக்காரரை வளர்க்கிறார். எப்போதும் ஏற்பவர் நல்ல சீட்டுக்காரருக்கு ஊதியம் தருகிறார். தம்மிடமுள்ள சீட்டு வகைகளில் ஏறத்தாழ பாதிக்கு ஏற்று, மீதிக்கு ஒதுங்குபவரை எதிராளி எவ்வகையிலும் சுரண்ட இயலாது. 2017 சனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்னும் கணினி நிரல், 1,20,000 ஆட்டங்களில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. வான் நாய்மன் தொடங்கிவைத்த வழியின் நீட்சியே அது.

இனி ஃபார்ஹாவிடம் வருவோம். எதிராளி எதிர்பார்த்த இஸ்பேட் வரவில்லை போலும் என்று அவர் வாய்விட்டே சொன்னார். அவருடைய ஐயம் சரியானது. மணிமேக்கரின் கையில் இருந்தவை இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஒரு சோடிகூட இல்லை. ஆயினும் சற்று நேரம் எண்ணிப்பார்த்தபின் ஃபார்ஹா தம் சீட்டைக் கவிழ்த்தார். அந்த இரவே மணிமேக்கர் போட்டியை வென்றார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் 2,576 பேர் சேர்ந்தனர்.

சீட்டுகளைத் திறந்து காட்டிய தொலைக்காட்சி வழியே பார்த்தவர்கள் ஃபார்ஹா தவறிவிட்டார் என்றனர். ஆனால் அவர்கள் கண்ட சீட்டை அவர் காணவில்லை. ஒரு முடிவை அதன் விளைவை வைத்து அளப்பது பச்சோலியின் பழைய பிழைக்கு உறவானது. அவர் கடந்ததை எண்ணினார், நாம் பின்னர் தெரிந்ததை எண்ணுகிறோம். அந்நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, எதைத் தெரிந்திருக்க முடியும், விலை என்ன என்ற மூன்றே ஒரு முடிவுக்கு நியாயமான அளவுகோல். பிள்ளையின் படிப்புக்காகவும் நோயாளியின் அறுவை மருத்துவத்துக்காகவும் கலங்கி முடிவெடுத்து, பின்னர் விளைவைக் கண்டு தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் பெற்றோரையும் உற்றாரையும் நாம் அறிவோம். அவர்களுக்கு இந்தச் சீட்டு மேசை ஓர் ஆறுதல் சொல்கிறது: நன்கு எண்ணி எடுத்த முடிவு தோற்கலாம், தோற்றதனாலேயே அது தீய முடிவாகிவிடாது.

எனினும், விலை தகும் என்று கணக்கு சொன்னாலும், அந்த விலையைத் தர நமக்கு உரிமை உண்டா என்னும் கேள்வி எஞ்சுகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி (எண் 2413) சூதாட்டமும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்கிறது. ஆனால் ஒருவர் தம் தேவைகளுக்கும் பிறர் தேவைகளுக்கும் இன்றியமையாததைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை என்றும், சூதின் மோகம் அடிமைத்தனமாக மாறக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. பெர்னூலியின் கணிதமும் இப்போதனையும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. அரிசிக்கு வைத்த பணமும் மிகையான பணமும் தாளில் ஒன்றே, வாழ்வில் ஒன்றல்ல. மேசையில் தள்ளப்படும் 'எல்லாம்' யாருடைய எல்லாம் என்று கேட்காதவருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

பாஸ்கல் தம் கணக்கை இறுதிக் கேள்விக்கும் கொண்டுசென்றார். 1670-இல் வெளியான அவருடைய 'சிந்தனைகள்' நூலில், இறைவன் இருக்கிறாரா இல்லையா என்பதையே ஒரு பணயமாக நிறுத்தினார். அங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். போக்கரில் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். பாஸ்கலின் மேசையில் அதற்கு இடமில்லை. வாழ்பவர் எவரும் ஏற்கெனவே கப்பலேறிவிட்டவர், ஏதோ ஒரு பக்கம் தம் வாழ்வை வைத்தே ஆகவேண்டும் என்றார் அவர்.

1957 பிப்ரவரியில் புற்றுநோயால் மறைந்த வான் நாய்மன் அந்த மேசைக்கும் வந்தார். 1930-இல் திருமணத்தையொட்டித் திருமுழுக்குப் பெற்றிருந்தும் நம்பிக்கையில் நாட்டமின்றி வாழ்ந்த அவர், இறுதி நாட்களில் பெனடிக்ட் சபைக் குரு ஒருவரை அழைத்துக்கொண்டார். பாஸ்கலின் வாதத்தில் நியாயம் உண்டு என்று அவர் கருதியதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நண்பர்கள் வியந்தனர். ஆயினும் அதன் பின்னும் மரண அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை என்பதையும் அவ்வரலாறுகள் மறைக்கவில்லை.

ஈடு வைக்கத் தகும் என்று காட்டுவது கணக்கின் வேலை; அதை அவர் எவரினும் நன்றாகச் செய்தார். வைத்தபின் அமைதியாக அமர்ந்திருப்பது வேறொன்றின் கொடை. அதைப் பாஸ்கலும் அறிந்திருந்தார். ஃபெர்மாவுக்கு அந்த மடலை எழுதிய அதே 1654-இல், நவம்பர் 23-ஆம் நாள் இரவில் தமக்கு நேர்ந்த இறையனுபவத்தை ஒரு தாளில் எழுதி, தம் மேலாடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் மறைந்த பின்னரே அது பிறர் கண்ணில் பட்டது. அத்தாளில் கணக்கு ஏதுமில்லை.